தியேட்டர் சிஸ்டர் பதில்கள்: மூட்டு ஆபரேஷன் பார்க்கப் போகிற பிள்ளைக்கு

எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கைக்குக் கருவி எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். போன இதழில் முட்டுவலியைப் பற்றி எழுதினேன். அதற்கு வலிக்காரர்களிடமிருந்துதான் கடிதம் வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதி, ஆபரேஷனைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியது. அதனால் இந்த இதழ் அவர்களுக்கு.

கேள்வி: பிளஸ் டூ முடித்து, நீட் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் நாகர்கோவிலில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்கிறார். சில நாள் கூட வந்து நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். ரத்தம் பார்த்து மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் சிஸ்டர்?
மாணவன், மார்த்தாண்டம்

பதில்: முதலில் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, மக்களே. மார்த்தாண்டத்திலிருந்து ஏழரை மணிக்குள் நாகர்கோவில் வந்து சேர வேண்டும் என்றால் ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாய். அப்படி வந்தவர்கள்தான் என் கண் முன்னால் அதிகம் விழுந்திருக்கிறார்கள். புட்டோ இட்லியோ, வயிற்றில் ஏதாவது இருக்கட்டும்.

ரத்தத்துக்கு நீ பயப்படுகிற அளவு அங்கே ரத்தம் இருக்காது. முழங்கால் மூட்டு மாற்றும்போது பெரும்பாலான டாக்டர்கள் தொடையில் டூர்னிக்கெட் என்ற பட்டையைக் கட்டிக் காற்று ஏற்றிவிடுவார்கள். அது கட்டியிருக்கும் வரை காலுக்கு ரத்த ஓட்டம் நிற்கும். எலும்பு வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும். பிள்ளைகளை விழ வைப்பது நிற்கிற நிலைதான். மாஸ்க்குக்குள் புழுக்கம், அசையாமல் ஒரே இடம், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொள்வது, காலி வயிறு, மனசில் பயம். எல்லாம் சேர்ந்தால் ரத்தம் காலிலேயே தங்கி, நாடியும் பிரஷரும் சட்டென்று இறங்கிவிடும். நின்ற இடத்திலேயே கால் விரலை மடக்கி நீட்டு, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்று. கொட்டாவி வந்தாலும், நெற்றி வியர்த்தாலும், பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தாலும் வீரம் காட்டாதே. "சிஸ்டர், ஒருமாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, டேபிளை விட்டுப் பின்னால் நகர்ந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிடு. விழும்போது கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பது மனித சுபாவம். அங்கே கைக்குக் கிடைப்பது கருவி ட்ராலி. நீ அதைத் தொட்டால் அத்தனையும் மறுபடி ஆட்டோகிளேவுக்கு, அதாவது நீராவியில் கிருமி நீக்கும் பெட்டிக்கு, போக வேண்டும். நோயாளி அதுவரை திறந்த காலோடு கிடக்க வேண்டும்.

இடுப்பு மூட்டு என்றால் மட்டும் மனதைக் கொஞ்சம் தயார் பண்ணிக்கொள். தொடை எலும்பின் பந்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுக்க, உதவி டாக்டர் காலை மடக்கித் திருகுவார். டொப் என்று ஒரு சத்தம் வரும். வளர்ந்த ஆம்பிளைகள் முகம் வெளுப்பது அந்த இடத்தில்தான். முதல் தடவை அந்த நேரம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிரு; ஒன்றும் குறைந்துபோகாது.

உடுப்பு அவர்களே தருவார்கள். வாட்ச், மோதிரம், கையில் கட்டியிருக்கும் கோவில் கயிறு எல்லாம் வெளியிலேயே. போனும் வெளியிலேயே, "சைலண்ட்ல போட்டிருக்கேன்" என்ற பேச்சே வேண்டாம். தொப்பிக்குள் முடி முழுவதும் போக வேண்டும், மாஸ்க் மூக்குக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே போனதும் இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொள். பச்சை, நீலத் துணி போர்த்திய எதையும் தொடாதே, அதிலிருந்து ஒரு முழம் தள்ளியே நில். இரண்டு ட்ராலிகளுக்கு நடுவில் புகுந்து போகாதே. அடிக்கடி கதவைத் திறந்து மூடாதே.

கதவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பாய். இன்றைய இடுப்பு மூட்டு மாற்று முறைக்கு அடிப்படை போட்டவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டர். ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அது சில வருடத்திலேயே தேய்ந்து நாசமாயிற்று. 1962-இல் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார், அது நின்றது. அவருடைய இன்னொரு தலைவலி சீழ். ஆபரேஷன் நடக்கும் இடத்தைக் கூண்டு போல அடைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, டாக்டர்கள் விடும் மூச்சைக்கூடக் குழாய் வைத்து வெளியே உறிஞ்சினார். வேறு மாற்றங்களும் சேர்ந்து, நூற்றுக்கு ஏழு என்று இருந்த தொற்று ஒன்றுக்கும் கீழே வந்தது. இப்போது நீ பார்க்கப்போகும் தியேட்டரில் மேலே இருந்து கீழே சீராகக் காற்று இறங்குவதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் காற்றோட்டம் கலையும். செயற்கை மூட்டில் கிருமி ஏறிவிட்டால் மாத்திரையோடு போகாது. பல சமயம் மூட்டையே கழற்றி, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டிவரும்.

இனி எதைப் பார்ப்பது. கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் கையை நிறுத்துவார்கள். ஒருவர் நோயாளியின் பெயர், என்ன ஆபரேஷன், வலதா இடதா, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று உரக்கக் கேட்பார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சோதனைப் பட்டியல் அது. காலில் பேனாவால் போட்ட அம்புக்குறி தெரியும். அவசரத்தில் அதை முணுமுணுத்து முடிப்பவர்களும் உண்டு, நிறுத்தி நிதானமாகக் கேட்பவர்களும் உண்டு. உன் டாக்டர் எந்த ரகம் என்று பார்.

முழங்காலையே முழுசாகக் கழற்றிவிட்டு இரும்பு மூட்டு வைப்பதாக நம் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கமாகத்தான் சீவுவார்கள். தேய்ந்த முகத்தை எடுத்துவிட்டு, மேலே கோபால்ட் குரோமியம் மூடி, கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன். சீவுவதை விட அளப்பதுதான் நேரம் எடுக்கும். சட்டங்களைப் பொருத்தி, கோணம் பார்த்து, அப்புறம்தான் ரம்பம். அதற்குப் பிறகு டம்மி மூட்டு ஒன்றை வைத்து மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். மடக்கும்போதும் நீட்டும்போதும் இரண்டு பக்கத் தசைநாரும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று டாக்டர் விரலால் தடவிப் பார்ப்பார். அவர் பேச்சை நிறுத்துகிற இடம் அது. நீயும் அங்கே முழுக் கவனத்தோடு இரு.

சிமெண்ட் கலக்கும்போது மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வரும். கட்டடச் சிமெண்ட் இல்லை, பல் செட் செய்கிற அதே குடும்பத்து அக்ரிலிக். பவுடரும் திரவமும் சேர்ந்தால் முதலில் ஒழுகும், அப்புறம் மாவாகும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கல்லாகும், இறுகும்போது சுடும். ஏசி அதிகமாக இருந்தால் இறுக நேரமாகும், குறைவாக இருந்தால் கையிலேயே இறுகிவிடும். கிளவுஸில் ஒட்டாத பதம் வந்ததும் நான் தலையை ஆட்டுவேன். உடனே டாக்டர் மயக்க டாக்டரைப் பார்த்து "சிமெண்ட் போகுது" என்பார். ஏன் அவரிடம் சொல்கிறார்? சிமெண்டை எலும்புக்குள் அழுத்தும் நேரத்தில் சிலருக்கு பிரஷர் இறங்கும், ஆக்சிஜன் குறையும். இடுப்பு ஆபரேஷனில், அதுவும் வயதானவர்களுக்கு, இது கூடுதல் கவனம் வேண்டிய இடம். அந்த இரண்டு சொல்லுக்கு மயக்க டாக்டர் என்ன செய்கிறார் என்று பார்த்தாயானால், பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் படித்த மாதிரி.

இன்னும் ஒன்று. டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் பார்த்தவனாவாய். முந்தின நாள் ஓ.பி.யில் உட்கார். ஆபரேஷனுக்கு வந்திருக்கும் அம்மா நாற்காலியிலிருந்து எழும்ப எத்தனை தடவை முயற்சி பண்ணுகிறார், கால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எக்ஸ்ரே ஃபிலிமில் எந்தப் பக்கம் எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று பார். ஆபரேஷனுக்கு மறுநாள் காலை வார்டுக்குப் போ. பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வருவார். வலியில் அந்த அம்மா உன்னையும் சேர்த்துத் திட்டலாம். திட்டு வாங்கிக்கொண்டு நில். நேற்று தியேட்டரில் எல்லாம் சரியாக முடிந்தது என்று கைகுலுக்கிக்கொண்டோமே, அந்தக் கால் மடங்குமா மடங்காதா என்பது இனிமேல் இந்தக் கட்டிலில் நடக்கப்போகும் வேலை.

கேள்வி: எலும்பு ஆபரேஷன் என்பது தச்சு வேலைதான் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் மச்சான் கேலி செய்கிறான். நான் தச்சன். உண்மையா சிஸ்டர்?
வாசகர், திங்கள்நகர்

பதில்: ரம்பம், உளி, சுத்தியல், ட்ரில், மட்டம் பார்க்கும் சட்டம் எல்லாம் உண்டு அண்ணா. நீங்கள் உள்ளே வந்தால் பாதிக் கருவிக்குப் பெயர் சொல்லிவிடுவீர்கள். சிமெண்ட் இல்லாத இடுப்பு மூட்டில் தொடை எலும்புக்குள் அரம் போன்ற ஒன்றை அடித்து இறக்குவார்கள். இறங்க இறங்க அடிக்கிற சத்தத்தின் சுருதி மாறும். எலும்பில் இறுக்கமாகப் பிடித்துவிட்டது என்பதை அனுபவமுள்ள டாக்டர் காதாலேயே கண்டுபிடிப்பார், இன்னும் ஒரு அடி அடித்தால் எலும்பு பிளக்கும் என்பதையும். அடி போகப் போகத் தேக்கின் சத்தம் மாறுவது உங்களுக்குத் தெரியாததா. ஆனால் மரம் அப்புறம் நடக்க வேண்டியதில்லை. அளவு சரியாக வந்தும் தசைநார் இறுக்கம் தவறினால் அந்தக் கால் வலிக்கும். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் என்கிறார்கள். முழித்திருக்கும்போதே ரம்பச் சத்தம் எல்லாம் கேட்குமாமே?
வாசகி, குளச்சல்

பதில்: கேட்கும். ஸ்பைனல் போட்டால் இடுப்புக்குக் கீழே வலி தெரியாது, காது நன்றாகவே கேட்கும். தட்டும்போது உடம்பு குலுங்குவதும் தெரியும். முகத்துக்கு முன்னால் துணி மறைத்திருப்பதால் எதுவும் கண்ணில் படாது. பயப்படுகிறவர்களுக்கு மயக்க டாக்டர் லேசாகத் தூக்கம் வர மருந்து கொடுப்பார். அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: டேபிளில் கிடப்பவர் முழித்திருக்கிறார். கடல்கரையிலிருந்து வந்த ஒரு அம்மச்சி ஆபரேஷன் நடுவில், "மக்களே, எனக்க காலை அறுத்தாச்சா, இல்ல இனிமேதானா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மாணவிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மயக்க டாக்டர் அவளைத் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். முடிகிற வரைக்கும் அந்த அம்மச்சி அவளிடம் மருமகளைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அன்று அந்தப் பெண் எலும்பைப் பார்க்கவே இல்லை. எனக்கென்னவோ அவள் நன்றாகத்தான் படித்தாள் என்று தோன்றியது.

கேள்வி: என் அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தபோது காலேஜ்கூடச் சேராத ஒரு பையன் உள்ளே நின்றிருக்கிறான். வெளியே வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டருக்குத் தெரிந்தவர் மகனாம். இது சரியா? உங்கள் பகுதியில் பிள்ளைகளை இதற்கு ஊக்கப்படுத்துகிறீர்களே.
வாசகி, தக்கலை

பதில்: சரியில்லை. உங்கள் கோபம் நியாயம்.

பார்க்க வருகிற பிள்ளை டாக்டருடைய விருந்தாளி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவன் அந்த நோயாளியின் வீட்டுக்குள் வருகிறவன். அவர் சம்மதம் இல்லாமல் கதவு திறக்கக் கூடாது. பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் சம்மதப் படிவத்தில், படிப்புக்காக மாணவர்கள் உடனிருக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். வலியில் துடிக்கிறவர் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைக் காட்டி "சம்மதம் வாங்கியாச்சு" என்று சொல்வது காகிதத்துக்கு வேண்டுமானால் சரி.

வேறொரு வழக்கமும் உண்டு. ஆபரேஷன் அன்று காலை டாக்டர் பையனையும் கூட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்து, "அம்மா, இந்தப் பிள்ளை பார்க்கட்டுமா?" என்பார். காலையே அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறவள் எப்படி மாட்டேன் என்பாள்? அதனால் நான் வார்டு இன்சார்ஜாக இருந்த காலத்தில் முந்தின நாள் சாயங்காலமே, டாக்டரும் மாணவனும் இல்லாத நேரம் பார்த்து, நானே போய்க் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம், சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதையும் சொல்வேன். சிலர் வேண்டாம் என்றார்கள். டாக்டரிடம் "நாளைக்கு ஆள் வேண்டாம் சார்" என்று மட்டும் சொல்வேன், அவரும் ஏன் என்று கேட்டதில்லை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனியில், தரையில் உட்கார்ந்து உட்கார்ந்தே முட்டு போன ஒரு அம்மா, "படிக்கப் பிள்ளை பார்க்கட்டும், ஆனா நாளைக்கு வாயையும் மூக்கையும் மூடிட்டுதான நிக்கும், இப்ப வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகட்டும்" என்றார். அந்தப் பையனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். எந்த ஊர், அப்பா என்ன வேலை, மாமன் மச்சான் யாரெல்லாம் என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

ஆசாரிபள்ளம் மாதிரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் மாணவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கல்லூரி இருப்பதே அதற்காக. அங்கேயும் ஒருவரை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. கல்லூரியில் சேராத பிள்ளை என்றால் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் நோயாளியின் சம்மதமும் இரண்டும் வேண்டும்.

மார்த்தாண்டம் பையனுக்கும் இதில் ஒரு வார்த்தை: ஊசி போட முதுகைத் திருப்பும்போதும், சிறுநீர்க் குழாய் போடும்போதும், காலைச் சுத்தம் செய்யும்போதும் நீ வெளியே நில். துணி முழுவதும் போர்த்தியபிறகு சிஸ்டர் கூப்பிட்டால் உள்ளே வா. இதை யாரும் உனக்குச் சொல்லித்தர மாட்டார்கள், நீயே கேட்டுக்கொள்.

கேள்வி: ஆபரேஷன் நேரத்தில் டாக்டர் இல்லாத ஒருவர், கம்பெனிக்காரர் என்று, உள்ளே நிற்பாராமே. அவருக்கு அங்கே என்ன வேலை?
வாசகர், குலசேகரம்

பதில்: மூட்டு தயாரிக்கும் கம்பெனியின் ஆள். ஒவ்வொரு கம்பெனிக்கும் கருவிப் பெட்டி வேறு, அடுக்கும் வரிசை வேறு. எந்தத் தட்டில் எது, அடுத்து எது என்பது அவருக்கு மனப்பாடம். டேபிளைத் தொட மாட்டார், தள்ளி நின்று லேசர் வெளிச்சத்தால் "அது சிஸ்டர், இடது பக்கம்" என்று காட்டுவார். சரியான அளவு மூட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் பக்கமும் அளவும் உரக்கப் படிப்பார்கள். உபயோகமான ஆள்தான். ஆனால் எந்த மூட்டு வைப்பது என்பதில் அவர் வாய் திறக்கக் கூடாது.

பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும், கம்பெனி பெயர், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். அவற்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்; பின்னால் ஏதாவது பழுது என்றால் எந்த மூட்டு என்று தேடித் திரிய வேண்டாம். பில்லோடும் ஒத்துப்பாருங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்கு முன்னால் அதே சாமானுக்கு லட்சத்துக்கு மேலே வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டின் விலை வேறு, ஆபரேஷன் செலவு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்பவர்களிடம் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று உண்டு, அட்டை இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள்.

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். எலும்பு சர்ஜன் ஆக ஆசை. ஆர்த்தோ ஆம்பிளைகள் வேலை, பலம் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்தது என்ன?
மாணவி, இரணியல்

பதில்: பலம் வேண்டிய வேலைகள் உண்டு. இடுப்பு ஆபரேஷனில் காலைப் பிடித்துக்கொண்டே நிற்பது, மருந்து தடவும்போது காலைத் தூக்கிப் பிடிப்பது. எங்கள் தியேட்டரில் அதையெல்லாம் பெரும்பாலும் யார் செய்தார்கள் தெரியுமா? நர்ஸும் ஆயாவும்தான். பொம்பளைகள். அப்போது யாரும் பலத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

சர்ஜன் கையில் இருக்கும் ரம்பமும் ட்ரில்லும் பேட்டரியில் ஓடுகின்றன. டேபிளை ஏற்றி இறக்கலாம், உயரம் போதவில்லை என்றால் ஸ்டூல் போட்டு நிற்கலாம். தோள்பட்டையால் முட்டி அடிக்கிற டாக்டர்களை விட, எங்கே நின்றால் கைக்கு வசதி என்று பார்த்து நிற்கிறவர்கள் சீக்கிரம் முடிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உனக்கு கிளவுஸ் அளவு ஆறரை என்றால் முதல் நாளே தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லிவை. எலும்பு தியேட்டரில் ஏழரை, எட்டு மட்டும்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்ததும் வெட்டியெடுத்த எலும்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார்கள். அம்மா மயங்கிவிட்டார். எதற்குக் காட்டுகிறார்கள்? அப்புறம் அதை என்ன செய்வார்கள்?
வாசகர், அருமனை

பதில்: எவ்வளவு தேய்ந்திருந்தது, ஆபரேஷன் தேவைதானா என்ற சந்தேகம் வீட்டாருக்கு வரக்கூடாது என்று காட்டுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் "பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத் துணியைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் இந்தக் கிண்ணத்தைப் பார்க்க வந்த மாணவன் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அவனும் ஏதோ பரிசு வாங்கினவன் போல நீட்டுவான். மக்களே, உன் கையில் கொடுத்தால் முதலில் வீட்டாரில் யாருக்கு மனத்திடம் இருக்கிறது என்று கேள்.

காட்டி முடிந்தபின் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிடுவார்கள். 2016-ஆம் வருட மருத்துவக் கழிவு விதிகளில் உடலிலிருந்து எடுத்த பாகங்களுக்கு மஞ்சள் பை. சில சமயம் அதே எலும்பில் கொஞ்சம் எடுத்து, குழி விழுந்த இடத்தை அடைக்க அதே நோயாளிக்கே வைப்பதும் உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காதீர்கள்.

கேள்வி: என் மகனை லீவில் ஒரு சர்ஜனோடு அனுப்பலாம் என்று யோசிக்கிறேன். மெடிக்கல் சீட்டுக்கு இது பிரயோஜனப்படுமா? சர்டிபிகேட் கிடைக்குமா?
தகப்பனார், கருங்கல்

பதில்: சீட்டுக்குப் பிரயோஜனம் இல்லை. இங்கே நீட் மார்க்தான் பேசும். அமெரிக்கா மாதிரி நாடுகளில் விண்ணப்பத்தில் இதைக் கேட்பார்கள். அங்கே அனுப்புகிற எண்ணம் இருந்தால் டாக்டரிடம் லெட்டர்பேடில் எத்தனை மணி நேரம், என்னென்ன பார்த்தான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் முதலாம் ஆண்டிலேயே நோயாளிகளிடம் கூட்டிப்போகிறார்கள், அதனால் சீக்கிரம் பார்க்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம்.

அப்படியானால் எதற்கு அனுப்புவது? அவனுக்கு இது பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான். உங்களுக்குப் பக்கத்திலேயே நெய்யூர் இருக்கிறது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த ஹோவார்ட் சோமர்வெல் என்ற சர்ஜன், மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். அத்தனை கூட்டத்துக்கு ஒரே ஒரு சர்ஜன் இருப்பதைக் கண்டார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து பல வருடம் ஆபரேஷன் செய்தார். எல்லோருக்கும் அப்படி ஆகாது. என்னோடு நின்று பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகாது சிஸ்டர்" என்று சொல்லிப் போய் இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டில் என் மேல் கோபம். ஐந்தரை வருடம் படித்தபிறகு தெரிவதற்கு இப்போதே தெரிந்தது லாபம்தானே அண்ணா?

மகனிடம் ஒரு சின்ன நோட்டு கொடுத்து அனுப்புங்கள். பார்த்ததை எழுதட்டும். நோயாளி பெயர், ஊர், ஐ.பி. நம்பர் எதுவும் அதில் வரக்கூடாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டிருக்கிறானா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கிறேன். மாஸ்க் போட்டால் ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. தியேட்டரில் கையால் துடைக்கலாமா?
மாணவி, தோவாளை

பதில்: நீ கை கழுவி கவுண் போட்டு நிற்கவில்லை, பார்க்கத்தான் நிற்கிறாய் என்றால் துடைக்கலாம், ஆனால் டேபிளை விட்டு விலகிப் போய்த் துடை. அதற்குப் பதில் மாஸ்க்கின் மேல் ஓரத்தில் இருக்கும் கம்பியை மூக்கில் நன்றாக அழுத்தி, மேலே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிக்கொள். பிளாஸ்டர் மயக்க டாக்டரின் ட்ராலியில் இருக்கும். கேட்டு எடு.